பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள்: பெற்றோர் தவறவிடுபவை

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீடுகளில் முதல் பத்துப் பதினைந்து வருடம் தெரபி, ஸ்பெஷல் ஸ்கூல், ஆஸ்பத்திரி என்றே ஓடிவிடும். அந்த ஓட்டத்தில் பிள்ளைக்கு மீசை முளைப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. இருபது வயதிலும் அவன் 'குழந்தை'தான். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

எல்லாவற்றையும் அம்மாவே செய்துவிடுவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காலையில் வேன் வந்து நிற்கும். ஊட்டிவிட்டு, உடுத்திவிட்டு அனுப்புவதுதான் சுலபம். புரிகிறது. ஆனால் எட்டு வயதில் தூக்கிக் குளிப்பாட்டிய பிள்ளை அறுபது கிலோ ஆனபின் யார் குளிப்பாட்டுவது? உடை போடப் பழக்குவதற்கு ஒரு வழி, கடைசிப் படியிலிருந்து ஆரம்பிப்பது. டி-ஷர்ட்டைத் தலை வழியாக மாட்டி, இரண்டு கையையும் நீங்களே நுழைத்துவிட்டு, வயிற்றுக்குக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும் ஒரு கையை அவனே நுழைக்கட்டும், அப்புறம் இன்னொரு கை. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது அவன்தான் என்பதால் அலுப்பில்லாமல் செய்வான். வேன் வரும் நேரத்தில் வேண்டாம்; சாயங்காலம் உடை மாற்றும்போது பழக்குங்கள்.

பருவ வயதைப் பற்றி வாய் திறக்காமலே இருந்துவிடுவது அடுத்தது. மகளுக்கு மாதவிலக்கு வந்த பிறகு நாப்கின் வைக்கச் சொல்லித்தந்தால் அவள் பயந்து பிடுங்கி எறிவாள். ஒன்பது, பத்து வயதிலேயே நாப்கினை ஜட்டியில் ஒட்டி, கொஞ்ச நேரம் போட்டிருக்கப் பழக்கலாம். மகனிடம், உடை மாற்றுவதும் அந்தரங்க உறுப்பைத் தொடுவதும் கதவு சாத்திய அறைக்குள் மட்டும்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று உறவினர் யாராவது வந்து யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கருத்தரிக்க இயலாமல் செய்யும் எந்த மருத்துவ முறையையும் மாற்றுத்திறனாளியின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த அறுவை சிகிச்சை அவளைப் பாலியல் அத்துமீறலிலிருந்து காப்பாற்றாது.

இனி காகித வேலை. பதினெட்டு வயது முடிந்ததும் சட்டத்தின் பார்வையில் அவர் மேஜர். பெற்றோர் என்பதாலேயே அவருக்காகக் கையெழுத்துப் போட முடியாது. வங்கியில் போய் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், மேலே சொன்ன குறைபாடுகள் உள்ளவர்களுக்கு நீதிமன்றம் போகாமலே சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வழி செய்திருக்கிறது. மாவட்டங்களில் இதற்கென உள்ள குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். ஆனால் எல்லோருக்கும் இது தேவைப்படாது. பணம் எண்ணத் தெரிந்து, சொன்னால் புரிந்து, கையெழுத்தும் போடுகிறவரின் உரிமையை அவசரப்பட்டு மொத்தமாக எடுத்துக்கொள்வதும் தவறுதான். கூட இருந்து முடிவெடுக்க உதவினால் போதும்.

குடும்ப ஓய்வூதியத்துக்குத் தகுதி உள்ள அரசு ஊழியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பாதிக்க இயலாத பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்கக் கிடைக்கும். மருத்துவச் சான்றிதழ், யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை), ஓய்வூதிய ஆவணத்தில் பிள்ளையின் பெயர்ப் பதிவு மூன்றையும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பின்னால் அலையப்போவது அநேகமாக அக்காவோ தம்பியோதான். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் பலர் எடுப்பதில்லை. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் உண்டு. இன்னொரு பக்கம், ஆட்டிசத்தைக் குணமாக்கும் என்று ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள். அது குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பணம் பிள்ளையின் முப்பது, நாற்பது வயதுக்கு இருக்க வேண்டிய பணம்.

கூடப்பிறந்தவர்களிடம் "எங்களுக்கு அப்புறம் நீதான் இவனைப் பார்த்துக்கணும்" என்று ஏழு வயதிலேயே சொல்லாதீர்கள். வளர்ந்த பிறகு, எவ்வளவு முடியும் என்று கேட்டுப் பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக, அம்மா இல்லாமல் ஒரு இரவுகூட இருந்து பழகாத பிள்ளை. அம்மா அறுவை சிகிச்சைக்குப் படுத்தால் வீடே ஸ்தம்பிக்கும். மாதம் ஒரு ராத்திரி சித்தி வீட்டில் தங்கவிடுங்கள், அல்லது அப்பாவிடம் விட்டுவிட்டு அம்மா ஊருக்குப் போய்வரட்டும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, தோசையை எப்படிப் பிய்த்து வைத்தால் சாப்பிடுவான், மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவானா, பல் வலித்தால் எப்படிக் காட்டுவான், தூங்கும்போது எந்த விளக்கு எரிய வேண்டும். அதன் ஜெராக்ஸ் ஒன்று சித்தியிடமும் ஒன்று பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும். மாத்திரை மாறும்போது மூன்றிலும் திருத்த வேண்டும்.