இரண்டு பிளேடு, ஒரு லேசர்: நிச்சயமின்மையை வீட்டுச் சுவரில் பார்ப்பது எப்படி?

பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன்தான் ஆரம்பித்து வைத்தான். "மாமா, நல்ல கருவி இருந்தா எலெக்ட்ரான் இருக்க இடம், வேகம் ரெண்டையும் சரியா அளந்துரலாம்லா?" முடியாது என்றேன்; ஒன்றைத் துல்லியமாக்கினால் மற்றது கலையும், இதைத்தான் நிச்சயமின்மை என்கிறார்கள். ஏன் என்று சொல்லப் போய் நானே உளறினேன். தக்கலையில் எங்கள் முன்னறைச் சுவரைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

தேவை: சிவப்பு லேசர் பாயின்டர், சவர பிளேடு இரண்டு, நடுவில் துளை போட்ட அட்டை, இன்சுலேஷன் டேப், பொத்தானை அழுத்திப் பிடிக்க ஒரு துணிக் கிளிப். பச்சை லேசர் வேண்டாம். மலிவானவற்றில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். சிவப்பையும் நேராகப் பார்க்கக் கூடாது. எதிரே கண்ணாடி பீரோ இருந்தால் துணி போட்டு மூடுங்கள்.

துளைக்கு மேல் இரண்டு பிளேடுகளையும் கூர் பார்த்துக் கூராக, நடுவே செங்குத்தாக ஓர் இடுக்கு வரும்படி ஒட்ட வேண்டும். எனக்கு மூன்று மாலை போனது இங்கேதான். கண் மதிப்பில் வைத்த இடுக்கு ஒரு மில்லிமீட்டர் இருந்திருக்கும். சுவரில் அதே பழைய புள்ளி. லேசரைத் திட்டினேன், பேட்டரி மாற்றினேன், பிளேடைக்கூட மாற்றினேன்.

வழி ஏ4 தாளில் இருந்தது. 500 தாள் கட்டு சுமார் 5 செ.மீ. உயரம், ஆக ஒரு தாள் 0.1 மி.மீ. முதல் பிளேடை ஒட்டுங்கள். அதன் கூரோடு ஒரு தாளைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டாவது பிளேடைத் தாளில் முட்டும் வரை தள்ளி ஒட்டுங்கள். பிறகு தாளை உருவிவிடுங்கள். (வெளிப்பக்கக் கூர்களுக்கு முதலிலேயே டேப் போட்டுவிடுங்கள். நான் போடவில்லை, விரல் போனது.)

சரி, விளக்கை அணையுங்கள். சுவர் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். புள்ளி இருந்த இடத்தில் இப்போது ஒரு நீள வரி: நடுவில் பிரகாசமான பட்டை, இரு பக்கமும் இருள் விட்டு விட்டுச் சின்னப் பட்டைகள். நடுப்பட்டை எனக்கு ஏறத்தாழ 4 செ.மீ. வந்தது. இடுக்கு நிற்பது செங்குத்தாக, ஒளி விரிவதோ கிடைமட்டமாக! எந்தத் திசையில் நெருக்குகிறோமோ அந்தத் திசையில்தான் விரிகிறது.

அடுத்து, கதவைத் திறப்பது போல அட்டையை மெல்லத் திருப்புங்கள். லேசருக்கு இடுக்கு குறுகிக்கொண்டே போகும். சுவரில் பட்டை அகன்றுகொண்டே வரும். 60 டிகிரியில் இடுக்கு பாதி, பட்டை 8 செ.மீ.க்குப் பக்கம். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் வழியாக நுழையும் அலை உள்ளே விசிறி போல் விரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒளித்துகள் இடுக்கைக் கடக்கும்போது அதன் இடம் 0.1 மி.மீ.க்குள் என்று நமக்குத் தெரியும். அதற்கு விலையாகப் பக்கவாட்டு உந்தம் (துகளின் ஓட்டத்தின் அளவு; எலெக்ட்ரானுக்கு நிறை × வேகம்) கலைகிறது. 1927-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க், அளக்கப் போகும் கதிரே எலெக்ட்ரானைத் தட்டிவிடுகிறது என்ற படத்தைக் கொண்டு இதை விளக்கினார். அதே ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் கென்னார்டு, தட்டிவிடுவதைப் பற்றிப் பேசாமலேயே அதைச் சமன்பாடாக நிறுவினார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மெல்லிய பொருளின் தடிமனை அளக்கும் ஸ்க்ரூ கேஜின் பிழையை நல்ல கேஜ் வாங்கிக் குறைக்கலாம். இதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

கணக்கு: பாதிப் பட்டை 1.95 செ.மீ., தூரம் 300 செ.மீ.; கோணம் 0.0065 ரேடியன். 650 நானோமீட்டர் ஒளித்துகளின் உந்தம் 1.02 × 10⁻²⁷ கி.கி. மீ/வி. இடுக்கு × உந்தம் × கோணம் = 6.6 × 10⁻³⁴. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலி!

பின்சேர்க்கை: "உந்தத்தைக் கணக்கிடவே பிளாங்க் மாறிலியைப் பயன்படுத்திவிட்டு, அதையே கண்டுபிடித்தேன் என்றால் எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயம்தான், நான் துள்ளியது அதிகம். நாம் உண்மையில் அளந்தது, இடுக்கைக் குறைத்தாலும் இடுக்கு × கோணம் என்ற பெருக்கல் மாறவில்லை என்பதை மட்டுமே.

இன்னொருவருக்குப் பட்டை ஒரு பக்கம் மங்கியதாம். பிளேடுகள் இணையாக இல்லை. தாளை மறுபடி செருகி ஒட்டச் சொன்னேன், சரியாகிவிட்டது.