டூருக்குக் கேமரா வாங்கப் போகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

மே மாதம் பிறந்துவிட்டால் சித்தப்பாவோ பழைய ஆபீஸ் நண்பரோ யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார்கள். "ஃபேமிலியோட டூர் போறோம், விலை கம்மியா, வெயிட் இல்லாம நல்ல கேமராவா ஒண்ணு சொல்லேன்." பட்ஜெட்டை நான் அப்புறம்தான் கேட்பேன். முதலில் கேட்பது இதுதான்: "போன தடவை கொண்டு போன கேமரா மூணாம் நாள் எங்க இருந்துச்சு?"

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் என் கொடைக்கானல் பயணம். ஒரு டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா), ஆஃபரில் வந்த இரண்டு லென்ஸ், சார்ஜர், எல்லாம் சேர்த்து ஒரு தோள்பை. முதல் நாள் கோக்கர்ஸ் வாக்கில் பெருமையாக மாட்டிக்கொண்டு நடந்தேன். இரண்டாம் நாள் தூண் பாறையில் அது வேனிலேயே இருந்தது. மூன்றாம் நாள் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு மர வேர்களில் கால் வைத்து இறங்கினோம். கேமரா லாட்ஜ் அலமாரியில் இருந்தது. அந்தப் பயணத்தில் எங்களிடம் இருக்கும் நல்ல படங்கள் எல்லாம் என் மனைவியின் போனில் எடுத்தவை. ஊருக்கு வந்து சமையலறைத் தராசில் பையை வைத்துப் பார்த்தால் இரண்டே கால் கிலோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பாடி எடையை நம்பி ஏமாறுவது

கடை விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் பாடியின் எடை மட்டும். லென்ஸ் இல்லாத பாடியை வைத்துக்கொண்டு யாரும் படம் எடுக்க முடியாது. கேனான் ஆர்50 பேட்டரி, கார்டோடு 375 கிராம். அதோடு சேர்ந்தே வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸ் 130 கிராம். ஆக, கழுத்தில் தொங்குவது அரை கிலோ. சோனி இசட்வி-இ10 பாடி 343, பழைய 16-50 கிட் லென்ஸ் 116. இதுவும் அரை கிலோவுக்குள் அடங்கிவிடும். இந்த அளவு வரை நாள் முழுக்கச் சுமக்கலாம் என்பது என் அனுபவம்.

சிக்கல் எங்கே வரும் என்றால், "ஃபுல் ஃபிரேமே இப்போ இவ்வளவு சின்னதா வந்துருச்சு" என்று ஆசை காட்டும்போது. ஃபுல் ஃபிரேம் என்றால் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு. சோனி ஏ7சி பாடி 509 கிராம்தான். கையில் வாங்கிப் பார்த்தால் மயங்கத்தான் தோன்றும். ஆனால் அதில் ஊர் சுற்றத் தோதான 24-105 ஜூமை மாட்டினால், லென்ஸ் மட்டும் 663 கிராம்; மொத்தம் 1,170 கிராமைத் தாண்டிவிடும். சென்சார் பெரிதானால் அதற்கு ஈடு கொடுக்கும் லென்ஸும் பெரிதாகத்தான் இருக்கும். பாடியைச் சுருக்குகிற அளவுக்குக் கண்ணாடியைச் சுருக்க முடியாது.

கடைக்குப் போவதற்கு முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் காய்கறி வாங்கப் போய் வாருங்கள். தெருவில் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. மறுநாள் ஒரு லிட்டர் பாட்டில். எந்த பாட்டிலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழற்றி வைத்தீர்களோ, அந்த எடையில் கேமரா வாங்காதீர்கள்.

போனைவிட மட்டமானதைக் காசு கொடுத்து வாங்குவது

இதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. "போன்ல எடுத்தா போன் மாதிரிதான் இருக்கும், கேமரான்னா கேமராதான்" என்று லென்ஸ் மாற்ற முடியாத சின்ன காம்பாக்ட் கேமரா ஒன்றை வாங்குவார்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் இது சரியாக இருந்திருக்கும். இன்று விலை குறைந்த காம்பாக்ட்களில் இருப்பது 1/2.3 அங்குல வகை சென்சார்; சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இப்போது வரும் நல்ல போன்களின் மெயின் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. போதாக்குறைக்கு, போன் ஒரே நொடிக்குள் பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து, இருட்டுப் பகுதியைத் தூக்கி, வானத்தை அடக்கி ஒரே படமாகக் கொடுத்துவிடும். அந்த வித்தை சின்ன காம்பாக்டுக்கு அவ்வளவாகக் கைவராது.

ஆக, போனைவிட நல்ல படம் வேண்டும் என்றால் குறைந்தபட்சம் 'ஒன் இன்ச்' சென்சாருக்குப் போக வேண்டும். பெயரைப் பார்த்து ஒரு அங்குலம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது 13.2-க்கு 8.8 மி.மீ.தான், பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டக் கணக்கில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் பரப்பளவில் அந்தச் சின்ன சென்சாரைப் போல நான்கு மடங்கு. சோனி, நிகான் போன்றவற்றின் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ.; சின்னதைப் போல பதின்மூன்று மடங்கு. மெகாபிக்சலை விட்டுவிட்டு இந்த ஒரு விவரத்தைத் தேடிப் பார்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மெகாபிக்சல் கணக்கையும் ஒரு தடவை போட்டுவிடலாம். ஆல்பத்தில் ஒட்டும் நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு, நல்ல தரத்தில் அச்சிட, 1,800-க்கு 1,200 பிக்சல் போதும். இரண்டு மெகாபிக்சல் சொச்சம். வீட்டில் இருக்கும் 4கே டிவி முழுவதையும் நிரப்ப எட்டேகால். "64 மெகாபிக்சல், 4கே, 16எக்ஸ் ஜூம்" என்று ஊர் பேர் தெரியாத பிராண்டில் ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் சின்ன சென்சாரில் கிடைத்த படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கி 64 என்கிறார்கள். ஜூமும் அப்படித்தான், படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. பிள்ளைகளுக்கு விளையாட வாங்கிக் கொடுக்கலாம். டூருக்கு வேண்டாம்.

ஜூம் எண்ணைப் பார்த்து மயங்குவது

40எக்ஸ் என்றால் நாற்பது மடங்கு கிட்டத்தில் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். லென்ஸின் நீள முனையை (முழு ஜூமில் உள்ள மி.மீ.) அகல முனையால் (ஜூம் செய்யாதபோது உள்ள மி.மீ.) வகுத்தால் வருவதுதான் அந்த எண். கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740-இல், 35 மி.மீ. கணக்கில் (ஃபுல் ஃபிரேமுக்கு ஈடாக்கிச் சொல்வது), 24-இல் தொடங்கி 960 வரை போகிறது, வகுத்தால் 40. எடை 299 கிராம்தான், சட்டைப் பையில் போடலாம். உச்சி வெயிலில் நன்றாகவே எடுக்கும். ஆனால் உள்ளே இருப்பது மேலே சொன்ன அந்தச் சின்ன சென்சார். மாலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் முழு ஜூமில் எடுத்தால் நீர்வண்ண ஓவியம்தான் கிடைக்கும்.

சுற்றுலாவில் உண்மையில் எவ்வளவு ஜூம் தேவைப்படுகிறது? போகிற ஊரைப் பொறுத்தது. வேடந்தாங்கலில் மரத்து மேல் இருக்கும் நாரைக்கு நீண்ட லென்ஸ் இல்லாமல் முடியாது. அதே சமயம் மூணாறு ராஜமலையில், இரவிகுளம் தேசியப் பூங்காவில், வரையாடுகள் பாதையோரத்துக்கே வந்து நிற்கும், போனிலேயே எடுக்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் பிரச்சினை தலைகீழ். 216 அடி விமானம். பிராகாரத்தில் நின்று கலசத்தையும் அடித்தளத்தையும் ஒரே படத்தில் அடக்க வேண்டும். அங்கே உதவுவது லென்ஸின் அகல முனை. அதே 35 மி.மீ. கணக்கில் 24-இல் தொடங்கும் லென்ஸைச் செங்குத்தாகப் பிடித்தால் 74 பாகை அடங்கும். 28-இல் தொடங்கினால் 65 பாகை. இந்த நாலு மி.மீ. வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கோயில், மலை, லாட்ஜ் ரூம், வேனுக்குள் குடும்பம் என்று எங்கே போனாலும் நான் முட்டிக்கொண்டது அங்கேதான். பறவைப் பித்து இல்லாதவர்கள் ஜூம் உச்சியை விட்டுவிட்டு, எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

நிலாவைப் படம் எடுக்க வேண்டும் என்று நிகான் பி1000 வாங்கிய நண்பர் ஒருவர் உண்டு. 3000 மி.மீ. ஜூம், அபாரமான பொருள், 1,415 கிராம். நிலாவை எடுத்தார். இப்போது வீட்டு மொட்டை மாடியைத் தாண்டி அதை எங்கேயும் கொண்டு போவதில்லை.

ராத்திரியை மறந்துவிடுவது

கேமராவைப் பகலில் கடையின் வெளிச்சத்தில் பார்த்து வாங்குகிறோம். ஊரில் நாம் படம் எடுக்க ஆசைப்படும் நேரமோ விடிகாலை, அந்தி, கடைத்தெரு விளக்கு, இரவுச் சாப்பாடு. கிட் லென்ஸ்கள் இங்கேதான் திணறும். மேலே சொன்ன 18-45 லென்ஸ் ஜூம் முனையில் எஃப் 6.3 வரைதான் திறக்கும். இந்த எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். ஒரு எஃப் 1.8 லென்ஸ் அதைவிடப் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். "ஸ்டெபிலைசேஷன் இருக்கே சார்" என்பார் கடைக்காரர். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். ஓடுகிற பேரனை அது நிற்க வைக்காது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும்.

சரி, எஃப் 1.8 என்றால் எல்லோரும் சொல்கிற 50 மி.மீ. லென்ஸைக் கூடவே வாங்கிவிடலாமா? நான் செய்த தவறு அதுதான். ஏபிஎஸ்-சி கேமராவில் அந்த 50, பார்வைக் கோணத்தில் 75 அல்லது 80 மி.மீ. போல ஆகிவிடும். ஒரு ஆளின் முகத்துக்கு அருமை. ஹோட்டல் மேசையைச் சுற்றி ஐந்து பேரை எடுக்க வேண்டுமென்றால் நான் எழுந்து கை கழுவும் இடம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர்கள் 22, 24 மி.மீ. பக்கம் ஒரு சின்ன லென்ஸ் பாருங்கள். கேனானின் பழைய இஎஃப்-எம் வகை 22 மி.மீ. எஃப் 2 லென்ஸ் 105 கிராம்தான்.

அந்த இஎஃப்-எம் வகையைக் கேனான் நிறுத்திவிட்டது. எம்50 போன்ற அதன் கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. "செத்துப்போன சிஸ்டம், தொடாதே" என்று பலர் எச்சரிப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பாடி, கிட் லென்ஸ், அந்த 22 மூன்றையும் ஒரே தடவையில் வாங்கி, இனிமேல் இதற்கு எதுவும் வாங்கப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால், டூருக்கு அதைப்போல மலிவாக, லேசாக அமைவது கஷ்டம். பிற்பாடு வளர்த்துக்கொண்டே போகலாம் என்ற எண்ணத்தில் வாங்கினால்தான் தவறு.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை டார்ச் இல்லாமல் வாங்காதீர்கள். பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில், குறிப்பாகக் கடலோர ஊர்களில், அலமாரியிலேயே கிடந்த லென்ஸ்களுக்கு இது சகஜம். விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

வெயில், மணல், மிச்சக் காசு

விலை குறைந்த மிரர்லெஸ் (டி.எஸ்.எல்.ஆர். போல உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும்) கேமராக்கள் சிலவற்றில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. நிகான் இசட்30, சோனி இசட்வி-இ10 இரண்டும் வீடியோ எடுப்பவர்களை நினைத்துச் செய்தவை. தனுஷ்கோடி மணலில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்றால் பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், படம் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் இதைக் கடைக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தனுஷ்கோடியில் லென்ஸை மாற்றவும் கூடாது. உப்பும் மணலும் சென்சாரில் போய் உட்காரும்.

அப்புறம், யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்பது. கையில் அறுபதாயிரம் இருந்தால் ஐம்பதுக்குக் கேமரா பாருங்கள். சின்ன கேமராக்களில் பேட்டரியும் சின்னதுதான். சட்டைப் பையில் அடங்கும் ரிக்கோ ஜிஆர்3-க்கு ஒரு சார்ஜில் 200 படம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம். விமானத்தில் போனால் அந்தக் கூடுதல் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. மெமரி கார்டு வி30 (வீடியோ பதியும் வேகத்தின் குறி) என்று போட்ட அசல் கார்டாக, ஒன்றுக்கு இரண்டாக. பில் இல்லாமல் இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால், இந்திய வாரன்டியை அந்தக் காசுக்கு விற்றுவிட்டுப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்குவதையும் தவிருங்கள். இரண்டு வாரம் முன்னால் வாங்கி, வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நூறு படம் எடுத்துப் பாருங்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஏசி ரூமிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் மேல் ஆவி படியும், அதைத் துடைக்காமல் பையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் பழகும்.

இந்த வருடம் போன் செய்த சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்கள், நாலு நாள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கேமராவை எங்கே கொண்டு போக? "சித்தப்பா, கேமரா வேணாம், ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கிக்குங்க" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். திருநள்ளாறில் கோயிலுக்கு வெளியே டீக்கடையில் சித்தியை எடுத்து அனுப்பியிருந்தார், போனில்தான். நன்றாக வந்திருந்தது.