பாலைவன கோல்ஃப் மைதானத்தில் நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் இருள் பிரியும் முன்பே கிளம்பி, நந்தனத்திலோ கிண்டியிலோ கோல்ஃப் ஆடிப் பழகிய நண்பர்கள் சிலர் இந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்குப் புறப்படத் திட்டமிட்டிருக்கிறார்கள். 1987 முதல் ஃபீனிக்ஸ் ஓப்பன் என்னும் தொழில்முறைப் போட்டி நடந்துவரும் டிபிசி ஸ்காட்ஸ்டேல் உட்பட, அங்குள்ள பல மைதானங்களில் உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆட முடியும். இரண்டு முறை அங்கே சென்று வந்தவன் என்பதால், நான் செய்த தவறுகளை அவர்கள் செய்யக்கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, புல்லைத் தாண்டிப் போன பந்தைத் தேடிக்கொண்டு நடப்பது. இங்கே பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்ல, மட்டைப் பையைச் சுமந்து உடன் வரும் கேடி (caddie) இருக்கிறார். அங்கே பெரும்பாலும் பேட்டரி வண்டியும் நீங்களும்தான். நீர்ப் பற்றாக்குறையால் 1980-களில் வந்த விதிகள், 18 குழி மைதானத்தில் பாசனம் பெறும் புல்தரையைச் சுமார் 90 ஏக்கருக்குள் கட்டுப்படுத்தியதால், ஃபேர்வே என்னும் வெட்டிச் சீராக்கிய புல்பாதை முடியும் இடத்திலேயே கல்லும் முள்ளும் தொடங்கிவிடுகின்றன. பந்து அந்தப் பக்கம் போனதாகச் சந்தேகம் வந்தாலே, டீயை (tee, ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) விட்டு நகரும் முன், முதல் பந்து தொலைந்தால் அதற்குப் பதிலாகத் தொடர்ந்து ஆடும் தற்காலிகப் பந்து அடிக்கப்போவதாக வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிடுங்கள். 2019 முதல் தேடுவதற்கு 3 நிமிடம் மட்டுமே உண்டு.

என் முதல் பயணத்தில், ஐந்தடி தூரத்தில் கண்ணுக்குத் தெரிந்த பந்தை எடுக்கக் குனிந்தபோது, சோயா (cholla) என்னும் கள்ளிச்செடியின் கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்று கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் கையால் பிடுங்கினேன். துண்டு காலை விட்டு விரல்களுக்கு மாறியது. ஒவ்வொரு முள்ளிலும் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் அது தானாக விடாது. உடன் ஆடிய உள்ளூர்ப் பெரியவர் தன் பையிலிருந்து சாதாரணச் சீப்பை எடுத்து, பற்களைத் துண்டுக்கும் தோலுக்கும் இடையே செருகி ஒரே சுண்டில் எறிந்தார். அன்றிலிருந்து என் கோல்ஃப் பையில் ஒரு சீப்பு நிரந்தரமாக இருக்கிறது.

விதியிலும் நம்மவர்கள் இடறுவதுண்டு. பந்தின் அருகே விஷப்பாம்பு கிடந்தால் தண்டனையின்றிப் பந்தை இடம் மாற்றலாம். கள்ளிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆட முடியாத பந்து என அறிவித்து தண்டனையாக அடிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் இரண்டு மட்டை நீளம் தள்ளிப் போட்டால் பல நேரம் மறுபடியும் முள்ளுக்குள்தான் விழும் என்பதால், முன்பு அடித்த இடத்துக்கே திரும்புவது மேல் என்பது என் கணிப்பு. கல் தரையில் ஆடியே தீருவேன் என்பவர்கள் பழைய ஐயர்ன் (உலோகத் தலை கொண்ட மட்டை) ஒன்றைக் கொண்டு போகட்டும். புது மட்டையின் அடிப்பகுதி ஒரே அடியில் கீறிப் போவதைப் பார்க்க மனம் தாங்காது.

தேதியை விசாரிக்காமல் முன்பதிவு செய்யாதீர்கள். இலையுதிர் காலத்தில் கோடைப் புல் வாடும் முன் அதன் மேல் குளிரிலும் பசுமையாக நிற்கும் ரை புல் விதைப்பதற்காகப் பல மைதானங்களைச் சில வாரங்கள் மூடுகிறார்கள்; திறந்த பிறகும் கொஞ்ச நாள் வண்டியைப் புல்லில் ஓட்ட விடுவதில்லை. டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி இருந்தால் அது உருகும் வரை ஆட்டம் தொடங்காது. ஆகவே, அதே நாள் மதியத்துக்கு விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தண்ணீர். காசிமேட்டுக் கடற்காற்றில் சும்மா நின்றாலே நமக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அந்த ஈரத்தைப் பார்த்துத்தான் உடல் நீர் இழப்பதை உணர்ந்து பழகியிருக்கிறோம். பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடுவதால், சட்டை காய்ந்திருக்க, வியர்க்கவே இல்லை என்று நம்பிவிடுகிறோம். என் நண்பருக்குப் பன்னிரண்டாவது குழியில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான், காலையிலிருந்து ஒரு பாட்டில்கூட முழுதாகக் குடிக்கவில்லை என்பது தெரிந்தது. தாகத்துக்குக் காத்திராமல் ஒவ்வொரு டீயிலும் சில மிடறுகள் குடியுங்கள். நம் மோர் அங்கே எளிதில் கிடைக்காது என்பதால், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.