பெட்டியைத் திறக்கும் முன் தலையின் பழைய கணக்கைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் சலூன். அப்பா காலத்தில் டை அடிப்பது என்றால் நரையை மறைக்கிற கருப்பு ஒன்றுதான். இப்போது கோயில் கொடை நெருங்கினால் போதும், பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "அண்ணாச்சி, இதே கலர் வரணும்." போனில் இருப்பவன் தலை வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். நம்ம பையன் தலை கரிச்சட்டியின் அடிப்பக்கம். நான் கலரைப் பற்றிப் பேசவே மாட்டேன். "போன வருஷத்திலேருந்து இந்தத் தலையில என்னென்னல்லாம் போட்ட?" என்றுதான் முதலில் கேட்பேன்.

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் 12 செ.மீ. முடியின் நுனி ஒரு வருஷம் பழையது. அதில் அடித்த டை, செய்த ஸ்ட்ரெய்ட்னிங், பூசிய மருதாணி எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. பெண்களின் இடுப்பு வரை நீண்ட முடி என்றால் ஐந்தாறு வருஷக் கணக்கு. தலைக்குக் குளித்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

இதைக் கேட்காமல் விட்டு ஒருதடவை நானே மாட்டிக்கொண்டேன். காலேஜ் பையன், அவசரம், மறுநாள் நண்பன் கல்யாணம். கருப்பு முடியில் அந்த மாதிரிக் கலர் எடுக்க முதலில் வெளுக்கணும். அதற்குப் பிளீச் கலக்கி, தலையில் வைத்து, ஃபாயில் மடித்து முடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, "அண்ணாச்சி, சுடுது" என்றான். ஃபாயிலைத் தொட்டால் டீ கிளாஸைத் தொட்டது போல இருந்தது. பிரித்ததும் ஆவி வந்தது. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அலசும்போதே ஒரு கொத்து முடி கையோடு வந்துவிட்டது. அப்புறம்தான் சொன்னான், மாதக்கணக்காகக் கடையில் விற்கிற 'கருப்பு மருதாணி' பொட்டலம் போட்டுவந்தானாம். அந்த மாதிரிப் பொட்டலம் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். பிளீச்சோடு கலக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு அதன்மேல் பட்டால் ஒரேயடியாகச் சிதைந்து சூடு கிளப்பும். வீட்டில் அரைத்த மருதாணி இலை இந்த வேலையெல்லாம் செய்யாது. ஆனால் அதன் சிவப்பு சாமானியத்தில் போகாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பிடரியிலிருந்து பத்துப் பதினைந்து முடி வெட்டி, நூலால் கட்டி, பிளாஸ்டிக் கப்பில் பிளீச் கலவையில் அரைமணி நேரம் போட்டுவைப்பேன். கப் சூடானாலோ நுரைத்தாலோ அந்தத் தலைக்குப் பிளீச் கிடையாது. எவ்வளவு வெளுக்கும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஈரமான அந்த முடியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு பழையபடி திரும்பினால் சரி. சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனால் முடி செத்துவிட்டது.

அடுத்தது தோல் சோதனை. டையில் இருக்கிற பிபிடி (PPD, p-phenylenediamine) என்ற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. 'அமோனியா ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பிபிடியும் இல்லை என்று அர்த்தமில்லை, பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். காதுக்குப் பின்னால் பெட்டியில் சொன்னபடி ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அன்றே அரிக்கவில்லை என்று துணிந்துவிடாதீர்கள், இந்த அலர்ஜி இரண்டாம் நாள்தான் முகம் காட்டும். இருபது வருஷமாக டை அடிப்பவருக்கும் திடீரென்று வரலாம். திருவிழாவில் கையில் கருப்பு டாட்டூ குத்தியது போல மருதாணி போட்டு அரித்திருந்தால், டை பக்கமே போகாதீர்கள், அதிலும் பிபிடிதான். 16 வயசுக்குக் கீழே யாருக்கும் நான் போடுவதில்லை. ஐரோப்பாவில் அதைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இங்கே அம்மாக்களிடம் நான்தான் சண்டை போட வேண்டியிருக்கிறது.

இனி டெவலப்பர், அதாவது பிளீச்சிலும் டையிலும் கலக்கிற பெராக்சைடு. அதன் வீரியத்தை வால்யூம் என்று போட்டிருப்பார்கள். 10 வால்யூம் என்றால் 3 சதவீதப் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. வீட்டில் செய்பவர் 20-ஐத் தாண்ட வேண்டாம். 40 வாங்கினால் சீக்கிரம் வெளுக்கும் என்று கடைக்காரர் சொல்வார். வெளுக்கும்தான், தலைத்தோலும் சேர்ந்து வேகும்.

வீட்டில் செய்வதென்றால், முந்தின நாளும் அன்றைக்கும் தலைக்குக் குளிக்காதீர்கள். தோலில் ஊறிய எண்ணெய்ப் பசை ஒரு கவசம். புண்ணோ கீறலோ இருந்தால் ஆறட்டும். பட்டன் வைத்த பழைய சட்டை போடுங்கள், பனியனைத் தலைவழியே கழற்றப் போய்க் கண்ணில் பூசிக்கொண்டவர்கள் உண்டு. நெற்றி ஓரம், காது, பிடரியில் வாசலின். கையுறை கட்டாயம். கிண்ணம் பிளாஸ்டிக், எவர்சில்வர் கூடாது. ஜன்னலைத் திறந்துவையுங்கள். பிளீச் பவுடரில் இருக்கிற பெர்சல்ஃபேட் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஏசி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கலக்கியே எனக்கு வீசிங் வந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே வராதீர்கள்.

கலக்கும் அளவு பாக்கெட்டில் இருக்கும், கண்ணளவு வேண்டாம். தலையை நான்காகப் பிரித்துப் பிடரியிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதுதான்: வேரிலிருந்து பூச ஆரம்பிப்பார்கள். தலைச்சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுத்துவிடும், வேர் மஞ்சளாகவும் நுனி செம்பட்டையாகவும் நிற்கும். தோலிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு நீளத்தில் பூசுங்கள், வேருக்குக் கடைசியில் வாருங்கள். மேலே ஹேர் டிரையர் காட்டாதீர்கள்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருதடவை ஒரு கற்றையைத் துடைத்துப் பாருங்கள். கருப்பு முதலில் செங்கல் நிறத்துக்கு வரும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், கடைசியாக வாழைப்பழத் தோலின் உள்பக்கம். அதற்கு மேல் போக ஆசைப்பட வேண்டாம். நம் முடி ஒரே நாளில் பெரும்பாலும் ஆரஞ்சில் நின்றுவிடும். அதற்கு ஏற்ற காப்பர், செம்பழுப்பு என்று முடித்துக்கொண்டால் முடி பிழைக்கும். வெளுத்த முடியின் சாயலைத் திருத்துவதுதான் டோனர்: மஞ்சளை அடக்க ஊதா டோனர், ஆரஞ்சை அடக்க நீலம். இன்னும் வெளுக்கணும் என்றால் சில வாரம் விட்டு, முடியை இழுத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரம் முடிந்தால் நிறம் எப்படி இருந்தாலும் அலசிவிடுங்கள். லேசான குறுகுறுப்பு இருக்கும். எரிச்சல் என்றால் அந்த நிமிஷமே அலசுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீர். உதடு, இமை வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ 108. டை பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மிஞ்சிய கலவையைப் பாட்டிலில் ஊற்றி மூடிவைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். கழுவி ஊற்றிவிடுங்கள். பாக்கி பாக்கெட்டுகள் குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும், டை வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

சலூனுக்குப் போனாலும் வாயைத் திறந்து கேளுங்கள்: எத்தனை வால்யூம், கண் முன்னால் கலக்குகிறாரா, தோல் சோதனை செய்தாரா. "ஒண்ணும் ஆகாது தம்பி" என்றே பதில் வந்தால் எழுந்துவிடுங்கள், என் கடையாக இருந்தாலும் சரி.

பிறகு என்ன செய்ய என்று கேட்பார்கள். வெந்நீர் வேண்டாம், அயர்னிங் வேண்டாம். தேங்காய் எண்ணெயைத் தலைக்குக் குளிக்கும் முன் தடவுங்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதை அது குறைக்கிறது என்று 2003-இல் ஆய்வே வெளிவந்திருக்கிறது. எங்க ஆச்சி ஆய்வுக்கெல்லாம் காத்திருக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம், காலேஜ் திறக்கும்போது அதே பையன்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். "கருப்பாக்கிருங்க அண்ணாச்சி, உள்ள விட மாட்டேங்கான்." வெளுத்த முடிமேல் நேராகக் கருப்பை அடித்தால் பாசி பிடித்த தொட்டி மாதிரிப் பச்சை ஓடும், பத்து நாளில் வழியும். முதலில் ஒரு செம்பு நிறம் ஏற்றி, அதன்மேல் அடர்பழுப்பு போடணும். குட்டை முடிக்கு அதுகூட வேண்டாம், மூன்றாம் நம்பர் மெஷின் போதும்.