பல்பு எரிந்தும் குஞ்சு செத்தது ஏன்?

ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று. குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் மரப்பெட்டி புரூடரில் 30 நாட்டுக்கோழிக் குஞ்சு, 60 வாட் குண்டு பல்பு ஒன்று. மூன்று இரவில் ஏழு போயிற்று. காலையில் பார்த்தால் எல்லாம் கிழக்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அடியில் அகப்பட்டது நசுங்கியிருக்கும்.

நோய் என்று நினைத்துத் தண்ணீரில் மருந்து கலக்கினேன், பலனில்லை. 100 வாட் மாட்டினேன். தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டியது, ஆனால் அது தொங்கியது பல்பு உயரத்தில்! குஞ்சின் முதுகு மட்டத்துக்கு இறக்கியதும் 28.

ஊதுபத்தியைத் தரையோரம் பிடித்தபோதுதான் பிடிபட்டது. மேற்குப் பலகைக்கு அடியில் விரல்கூட நுழையாத இடுக்கு. புகை அங்கிருந்து படுத்தபடியே கிழக்கே ஓடியது; ஓரடி மேலே பிடித்தால் நேராக எழுந்தது. அந்தத் தரைக்காற்றின் குளிருக்கு ஒதுங்கித்தான் குஞ்சுகள் கிழக்கு மூலையில் குவிந்தன.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றரை அடி உயரத் தகரத்தை நாலடி விட்டத்தில் வட்டமாக வளைத்தேன். மூலை இல்லையென்றால் குவிய இடமில்லை. உள்ளே இரண்டு அங்குலம் உமி, வெளி விளிம்பில் மண் அணைப்பு. மேற்கே சாக்கு, இரண்டடி உயரம் மட்டும். மேலேயும் மூடினால் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு கண்ணைக் கரிக்கும். இரண்டு 60 வாட் பல்பு, ஒன்று பீஸ் போனாலும் இன்னொன்று எரியும். வயரில் தொங்கவிடாமல் கம்பியில் கட்ட வேண்டும், உமியில் விழுந்தால் தீதான். முதுகு மட்டத்தில் முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறையும்படி பல்பை உயர்த்தலாம்.

அன்றிரவே குஞ்சுகள் பரவலாகப் படுத்தன.