டேவிட் மார்ட்டினுக்கு ஒரு சீனப் பெயர் வைப்போம்

டேவிட் என்ற பெயருக்குச் சீன மொழியில் ஏற்கெனவே ஒரு வடிவம் உண்டு: தாவேய். செய்தித்தாளுக்கு அது போதும். ஆனால் கேட்டவுடனே வெளிநாட்டுப் பெயர் என்று தெரிந்துவிடும். பெய்ஜிங்கில் தங்கிப் படிக்கப் போகிறவருக்கு, சீனர் பெயர் போலவே ஒலிக்கும் பெயர் இருந்தால் நல்லது. டேவிட் மார்ட்டின் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம்.

படி 1: குடும்பப் பெயர்

நம் இனிஷியல் போல இது முன்னால் வரும். பெரும்பாலும் ஒரே அசைதான். மார்ட்டினின் தொடக்க ஒலிக்கு 'மா' பொருந்துகிறது. குதிரை என்று பொருள்; அலிபாபா நிறுவனர் ஜாக் மாவின் குடும்பப் பெயரும் இதுவே. 1610-இல் பெய்ஜிங்கில் மறைந்த இயேசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சிக்கும் இதே வழிதான்: ரிச்சியிலிருந்து 'லி', மத்தேயோவிலிருந்து 'மாதோ'. சேர்த்தால் லி மாதோ.

படி 2: சொந்தப் பெயர்

ஒன்று அல்லது இரண்டு அசை. டேவிட்டின் எல்லா ஒலியையும் துரத்தாதீர்கள். 'தெ', 'வேய்' போதும். ஒலி அமையாவிட்டால் பொருளைப் பிடிக்கலாம். 1938-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் சீனப் பெயர் சாய் ஜென்ஜு. ஆங்கிலத்தில் 'பேர்ல்' போலவே, ஜென்ஜு என்றாலும் முத்து.

படி 3: எழுத்து

அவசரப்படாதீர்கள், வேலையே இங்கேதான். 'வேய்' என்ற ஒலிக்கு ஏகப்பட்ட எழுத்துகள் உண்டு. ஒன்றுக்கு 'மகத்தான' என்று பொருள். அதே தொனியில், அதாவது குரலின் அதே ஏற்ற இறக்கத்தில், சொல்லும் இன்னொன்றுக்கு 'போலி'! தொனி மாறினால் 'இரைப்பை'. எனவே 'அறம்' எனப் பொருள்படும் தெ, 'மகத்தான' எனப் பொருள்படும் வேய். அகராதியை மட்டும் நம்பக் கூடாது. அந்த எழுத்து ஆட்களின் பெயரில் வருமா, ஆணுக்கா பெண்ணுக்கா என்றும் பாருங்கள்.

படி 4: காது சோதனை

முழுப் பெயரையும் சீனர் ஒருவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். மா தெவேய்... சிரித்துவிடுவார். 'மா தெ' என்பதைத் தொனி மாற்றிச் சொன்னால் வசவு. இணையத்தில் அந்த வசவை மறைத்து எழுத, இதே குதிரையையும் அறத்தையும்தான் போடுகிறார்கள்.

குதிரையை அவிழ்த்து விட்டுவிடுவோம். 'மாய்' என்றொரு குடும்பப் பெயர் இருக்கிறது; கோதுமை என்று பொருள். மாய் தெவேய். மெக்டொனால்ட்ஸின் சீனப் பெயரான மாய்தாங்லாவும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது, யாராவது பர்கர் கேட்டுக் கிண்டல் செய்யலாம். வசவுக்கு அது தேவலை.