பாஹ் இசையின் வயதைக் கணக்கிடும்போது வழுக்கும் இடங்கள்

18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியான் பாஹின் இசை இளமையிலிருந்து முதுமை வரை எப்படி மாறியது என்று கேட்டறிய விரும்புகிறவர்கள் பலரும் பாஹின் படைப்புகளைப் பட்டியலிடும் பி.டபிள்யூ.வி. (BWV) எண் வரிசையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வோல்ஃப்காங் ஷ்மீடர் 1950-இல் வெளியிட்ட அந்தப் பட்டியல் காலவரிசையே அல்ல. கன்டாட்டா (வாத்தியங்களோடு குரல்கள் பாடும் பல பகுதிப் படைப்பு), ஆர்கன் இசை என்று வகைவாரியாகப் பிரித்தது. 1 என்று எண்ணிட்ட கன்டாட்டா 1725-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பாடப்பட்டது. 131-ஆம் எண்ணோ 1707-இல், 22 வயதில், மூல்ஹவுசன் நகரில் எழுதியது.

அடுத்தது, ‘இவ்வளவு முதிர்ச்சியா, அப்படியானால் கடைசிக் காலத்துப் படைப்புதான்’ என்று காதை மட்டும் நம்பி முடிவுகட்டுவது. பெரிய அறிஞர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாஹின் வாழ்க்கையை எழுதிய பிலிப் ஸ்பிட்டா, கோரல் கன்டாட்டாக்களை (தேவாலயத் துதிப்பாடல்களை அடிப்படையாகக் கொண்டவை) 1730-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தவை என்று வைத்தார். 1950-களில் இசை ஆய்வாளர்கள் ஆல்ஃபிரட் டூரும் கேயோர்க் ஃபான் டாடல்செனும் தாளின் நீர்க்குறிகளையும் பிரதி எடுத்தவர்களின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை 1724–25-இல், வாரம் ஒன்றாக எழுதப்பட்டவை! ஒரு மனிதரின் முதுமையைப் பற்றிச் சொல்லிவந்த கதையே புரண்டுபோனது.

கையெழுத்துப் பிரதியின் தேதியும் ஏமாற்றும். பாஹ் பழையதை எடுத்துத் திருத்திக்கொண்டே இருந்தவர். ‘பி மைனர் மாஸ்’ என்ற பெரிய வழிபாட்டு இசைப்படைப்பு 1740-களின் இறுதியில் முழுமை பெற்றது. ஆனால் இயேசு சிலுவையில் அறையப்பட்டதைப் பாடும் அதன் ‘குருசிஃபிக்சுஸ்’ பகுதி 1714-இல் வைமர் நகரில் எழுதிய 12-ஆம் எண் கன்டாட்டாவிலிருந்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அரைச் சுருதியாக இறங்கும் அதே புலம்பல் பேஸ் (திரும்பத் திரும்ப வரும் அடிக்குரல் வரி) தான் இரண்டிலும். பழையதில் தாள அடிக்கு ஒரு சுரம். புதியதில் அதே சுரம் இரண்டிரண்டாக, நெஞ்சுத் துடிப்புபோலத் தட்டுகிறது. முன்பு 12 முறை வந்த பேஸ் 13-ஆவது முறையும் வருகிறது. அங்கே குரல்கள் தாழ்ந்து, கல்லறைக்குள் இறங்குவதுபோல ஜி மேஜர் சுரவரிசையில் ஓய்கின்றன. 1714-க்குப் பிறகு அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை எனக்கு மிகத் துல்லியமாகக் காட்டியது அந்தக் கூடுதல் சுற்றுதான். முழுப் பகுதியையும் ‘1740-கள்’ என்று குறித்து வைத்தால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

நேர்க்கோடு போடுவதையும் தவிர்க்க வேண்டும். முதிர முதிர உலகை மறந்து ஃபியூக்கிலேயே (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றையொன்று துரத்தி இசைக்கும் வடிவம்) மூழ்கினார் என்பார்கள். 1742 ஆகஸ்டில் அவர் அரங்கேற்றிய ‘உழவர் கன்டாட்டா’வில் கிராமத்து நடன மெட்டுகள் துள்ளுகின்றன. மரணப் படுக்கையோடு சேர்த்தே பேசப்படும் ‘ஃபியூக் கலை’யின் முதல் வடிவம் உருவானதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.